இங்கிலாந்தில் வீட்டு வேலி எவ்வளவு உயரம் போடலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குளிர்காலக் காற்று பழைய வேலிப் பனல்களை (மரத் தட்டிகளை) சரித்துவிட்டுப் போனதும் வேலிக் கேள்விகள் தொடங்கிவிடும். 2022 பெப்ரவரியில் யூனிஸ் புயல் அடித்த கிழமை, தெருவுக்குத் தெரு வேலி படுத்துக் கிடந்தது. நான் வீட்டு எக்ஸ்டென்ஷன்களுக்கு வரைபடம் கீறி கவுன்சிலுக்கு அனுப்புகிறவன். வேலி என் நேரடித் தொழில் இல்லை. ஆனால் வரைபடத்தோடு வேலிக் கதையும் சேர்ந்தே வரும். லண்டனில் ஈஸ்ட்ஹாம், ஹரோ, டூட்டிங், கிறொய்டன் என்று எந்தப் பக்கம் போனாலும் நம்மவர்கள் கேட்பது அநேகமாக ஒரே கேள்விகள்தான். அவற்றைக் கேட்டபடியே கீழே தந்திருக்கிறேன். இதில் உள்ளது இங்கிலாந்துச் சட்டம். ஸ்கொட்லாந்து, வேல்ஸ் பற்றிக் கடைசிப் பக்கம் ஒரு கேள்வி இருக்கிறது.

சுருக்கமாச் சொல்லுங்கோ, அனுமதி எடுக்காமல் எவ்வளவு உயரம் போடலாம்?

வாகனம் ஓடும் பொதுத் தெருவை ஒட்டிய பக்கம் 1 மீற்றர். மற்ற எல்லாப் பக்கமும் 2 மீற்றர். வேலி, மதில், படலை, இரும்புக் கம்பி எல்லாவற்றுக்கும் இதுதான்.

இது உங்கள் கவுன்சில் தானாகப் போட்ட விதி அல்ல. 2015ஆம் ஆண்டு வந்த பொது அனுமதி ஆணையின் இரண்டாம் அட்டவணை, இரண்டாம் பாகம், ஏ வகுப்பில் இருக்கிறது. இங்கிலாந்து முழுவதற்கும் பொது. இந்த அளவுக்குள் நின்றால் விண்ணப்பம் இல்லை, கட்டணம் இல்லை, கவுன்சிலுக்கு ஒரு கடிதம்கூடப் போடத் தேவையில்லை. அயலவரின் சம்மதமும் சட்டப்படி வேண்டியதில்லை. தாண்டினால் கவுன்சிலிடம் பிளானிங் அனுமதி (கட்டுமான அனுமதி) எடுக்க வேண்டும். இந்தப் பொது அனுமதியைச் சில இடங்களில் முழுதாகவே எடுத்துவிட்டிருப்பார்கள், அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பின்வளவில் ஆறு அடி பனல்தான் போடப்போறம். அது 2 மீற்றருக்குள்ளதானே?

பனல் மட்டும் என்றால் ஆம். ஆறு அடி என்பது 1.83 மீற்றர். கடையில் விற்கும் சாதாரணப் பனல் ஆறுக்கு ஆறு அடிதான்.

சிக்கல் பனலில் இல்லை, அதற்குக் கீழே வைக்கும் கொங்கிறீட் பலகையில் இருக்கிறது. மரம் மண்ணில் பட்டு உக்காமல் இருக்க கிரவல் போர்ட் என்று ஒன்றை அடியில் செருகுவார்கள். அது இரண்டு உயரத்தில் வரும், 15 செ.மீ., 30 செ.மீ. என்று. சின்னதைப் போட்டால் மொத்தம் 1.98 மீற்றர், இரண்டு செ.மீ. இடைவெளியில் தப்பிவிடுவீர்கள். பெரியதைப் போட்டால் 2.13 மீற்றர், சட்டத்தைத் தாண்டியாயிற்று. வேலிக்காரர் "ஒரு அடி பலகை போட்டால் கனகாலம் நிற்கும்" என்று சொல்வார். அவர் சொல்வதும் பொய் இல்லை. ஆனால் அப்போது பனலை ஐந்தடியாகக் குறைக்க வேண்டும். ஐந்தடி 1.52 மீற்றர், அதோடு 30 செ.மீ. சேர்த்தால் 1.82.

மேலே வைக்கும் ட்ரெலிஸும் (கொடி படர விடும் மரச் சட்டகம்) உயரத்தில் சேரும். "அது கம்பிவலை மாதிரி வெறும் சட்டகம்தானே, வெளிச்சம் போகுதுதானே" என்று பலர் வாதாடுவார்கள். வெளிச்சம் போனாலும் அது வேலிதான். கொங்கிறீட் கம்பம் பனலுக்கு மேலே தலை நீட்டிக்கொண்டு நின்றால் அந்தத் தலையும் கணக்கு. ஆகவே கம்பத்தின் உச்சியிலிருந்து அளந்து பாருங்கள்.

பத்துப் பதின்மூன்று செ.மீ. கூடினதற்காகக் கவுன்சில் பாய்ந்து வருமா என்றால், பெரும்பாலும் வராது. ஆனால் அயலவரோடு ஏற்கனவே முகம் சுளித்துக்கொண்டிருப்பவர்களுக்கு அந்தப் பதின்மூன்று செ.மீ. நல்ல ஆயுதம்.

உயரத்தை எங்கேயிருந்து அளக்கிறது? எங்கட பக்கம் பள்ளம், அவையின்ர பக்கம் மேடு.

வேலிக்குப் பக்கத்தில் உள்ள நிலமட்டத்திலிருந்து. நிலம் ஒரே மட்டமாக இல்லாவிட்டால் பக்கத்தில் உள்ள மிக உயரமான இடத்தின் மட்டத்திலிருந்து என்று ஆணையே சொல்கிறது. அதனால் மேட்டுப் பக்கத்தில் இருக்கும் அயலவர் அவருடைய நிலத்திலிருந்து 2 மீற்றர் வேலி போட்டால், பள்ளத்தில் நிற்கிற உங்களுக்கு அது இரண்டரை மீற்றராகத் தெரியலாம். வீட்டுக்குள் இருந்து பார்க்கும்போது சிறைச்சாலைச் சுவர் போலத்தான் இருக்கும். ஆனாலும் சட்டத்துக்குள் இருக்கக்கூடும்.

மண் கொட்டி நிலத்தை உயர்த்திவிட்டு அந்தப் புது மட்டத்திலிருந்து அளக்கிற விளையாட்டு எடுபடாது. கவுன்சில் அதிகாரி பழைய மட்டத்தைத்தான் தேடுவார், பழைய படங்கள் இணையத்திலேயே கிடைக்கின்றன. இயற்கையான சரிவாக இருந்தால் வேலியைப் படிபடியாக இறக்கிப் போடுவதுதான் முறை. ஒவ்வொரு படியும் அந்தந்த இடத்து மட்டத்துக்கு 2 மீற்றருக்குள் நின்றால் போதும்.

எங்கட வீடு முடக்கு வீடு. பக்கவாட்டில் இருப்பதும் தோட்டம்தானே, அங்கே ஆறு அடி போடலாமோ?

வேலி விஷயத்தில் நம்மவர்கள் அதிகம் மாட்டுப்படுவது இதில்தான்.

முடக்கு வீட்டுக்கு முன்பக்கம் ஒரு தெரு, பக்கவாட்டில் இன்னொரு தெரு. உங்களுக்குப் பக்கவாட்டுத் தோட்டம் பின்வளவின் தொடர்ச்சி. பிள்ளைகள் விளையாடுவதும் துணி காயப்போடுவதும் அங்கேதான். ஆனால் சட்டம் முன்வளவா பின்வளவா என்று பார்ப்பதில்லை. வாகனம் ஓடும் பொதுத் தெருவை ஒட்டி இருக்கிறதா என்பது மட்டுமே கேள்வி. நடைபாதையும் அந்தத் தெருவின் ஒரு பகுதிதான். ஆகவே நடைபாதை ஓரமாக நிற்கும் பக்கவாட்டு வேலிக்கு 1 மீற்றர் மட்டுமே. வீடு வாங்கும்போது அந்த மூலையில் உயரமாகப் புதர் நின்றிருக்கும், வந்தவுடன் அதைத் தறித்துவிட்டு ஆறு அடி பனல் அடிப்பார்கள். மூன்று மாதத்தில் கவுன்சில் கடிதம் வரும்.

"அப்ப வேலியைக் கொஞ்சம் உள்ளே தள்ளிப் போட்டால்?" என்பது அடுத்த கேள்வி. தெருவை "ஒட்டி" என்றால் எத்தனை மீற்றர் என்று ஆணையில் எண் கிடையாது. வேலி நடைபாதையைத் தொட்டுக்கொண்டு நிற்க வேண்டும் என்றும் இல்லை. தெருவின் எல்லையை அடைப்பதற்காகப் போட்ட வேலியாக அது தெரிந்தால், அரை மீற்றர் உள்ளே தள்ளியிருந்தாலும் "ஒட்டியது"தான். இடத்தைப் பார்த்து முடிவு செய்யும் விஷயம் என்பதால் ஒரு கவுன்சில் ஒன்றைச் சொல்லும், மேன்முறையீட்டில் வரும் பரிசோதகர் இன்னொன்றைச் சொல்லுவார். கணிசமாக உள்ளே தள்ளி, முன்னால் செடி நட்டு, வேலிக்கும் தெருவுக்கும் இடையில் உண்மையிலேயே ஒரு தோட்டப் பகுதி இருந்தால் உங்கள் பக்கம் வலுக்கும். என்னைக் கேட்டால், முடக்கு வீட்டுக்காரர் ஊகத்தில் பணம் போடக் கூடாது. இந்த வேலிக்கு அனுமதி தேவையில்லை என்று உறுதிசெய்யும் சட்டபூர்வச் சான்றிதழ் ஒன்றுக்குக் கவுன்சிலிடம் விண்ணப்பியுங்கள். கட்டப்போவதற்கு முன்னால் கேட்டால் சாதாரண விண்ணப்பத்தின் அரைவாசிக் கட்டணம்தான். அந்தக் கடதாசி இருந்தால் பிறகு யாரும் வாய் திறக்க முடியாது, வீடு விற்கும்போதும் உதவும்.

பக்கவாட்டில் போவது வாகனம் ஓடாத வெறும் நடைவழி என்றால் 2 மீற்றர் வரை போடலாம்.

முன்பக்க மதில் 1 மீற்றர்தான். அதுக்கு மேல் இரும்புக் கம்பி, தூண், சிங்கச்சிலை?

மதிலும் கம்பியும் சேர்த்து 1 மீற்றர். தூணும் படலையும் அப்படியே. மின்சாரப் படலை போடுகிறவர்கள் அநேகமாக எல்லோரும் 1.6, 1.8 மீற்றர் என்று வாங்கிவிட்டுத்தான் கேட்க வருவார்கள். அதற்கு அனுமதி வேண்டும். தூணின் தலையில் வைக்கும் சிங்கத்தை ஒரு கவுன்சில் அதிகாரி அளந்ததை நான் பார்த்ததில்லை. அளந்தால் அது கூடத்தான் செய்யும்.

படலை வெளிப்பக்கமாகத் திறந்து நடைபாதைக்கு மேலே வரக் கூடாது. அது நெடுஞ்சாலைச் சட்டம், பிளானிங்குக்குப் புறம்பானது. உள்ளே திறப்பதாகவோ வழுக்கிப் போவதாகவோ வையுங்கள்.

பழைய வேலி ஏற்கனவே ஏழு அடி. அதே உயரத்தில் புதுசு போடலாம்தானே?

பழைய வேலி சட்டபூர்வமாக நின்றிருந்தால், அதைத் திருத்தலாம், மேம்படுத்தலாம், மாற்றலாம். அதன் முந்தைய உயரத்தையோ பொது அளவையோ, இரண்டில் எது பெரியதோ அதைத் தாண்டாமல் இருந்தால் சரி. இரண்டு பனல் உடைந்ததற்கு இரண்டு பனல் மாற்றுவது இதில் அடங்கும்.

முழுவதையும் பிடுங்கி எறிந்துவிட்டு, இரண்டு மாதம் வெறுமையாக விட்டுவிட்டுப் புதிதாக அடிப்பது வேறு கதை. அதைக் கவுன்சில் புது வேலியாக எடுத்துக்கொள்ளலாம். பழைய உயரத்தைக் காப்பாற்ற வேண்டும் என்றால் பகுதி பகுதியாக மாற்றுங்கள். தொடங்குவதற்கு முன்னால் அளவுநாடா தெரிகிற மாதிரிப் படம் எடுத்து வையுங்கள்.

வேலியை விட்டுட்டு உயரமாச் செடி வளர்த்தால்?

செடிக்கு உயரக் கட்டுப்பாடு பிளானிங் சட்டத்தில் இல்லை. வேலி 1 மீற்றர் மட்டுமே போடக்கூடிய முடக்கு வீட்டில் ஆறு அடிச் செடிவேலி தாராளமாக நிற்கலாம். ஊரில் பூவரசும் கிளுவையும் முள்முருக்கும் நட்டு உயிர்வேலி அடைத்த சனம் இங்கே வந்து பனலையே கட்டிப்பிடித்துக்கொண்டிருப்பது எனக்கு விளங்குவதில்லை. காற்றில் சரிகிற வில்லங்கமும் செடிக்குக் கிடையாது. முருங்கை இந்தக் குளிரில் எடுபடாது, அது உண்மை. லோரலும் பிறிவெட்டும் நன்றாக வரும்.

இரண்டு விஷயம் கவனியுங்கள். முதலாவது, தெருப் பக்கம் நடைபாதைக்கு மேலே செடி சாய்ந்து வழியை மறைத்தால் வெட்டச் சொல்லிக் கவுன்சில் அறிவித்தல் கொடுக்கும். சந்தியில் சாரதிகளுக்குப் பார்வை மறைவதும் இதில் சேரும்.

இரண்டாவது, உயர்ந்த செடிவேலிச் சட்டம். 2003ஆம் ஆண்டின் சமூக விரோத நடத்தைச் சட்டத்தின் எட்டாம் பாகம். லெய்லண்டி என்ற ஊசியிலை மரம் வருடத்துக்கு ஒரு மீற்றர் அளவில் வளர்ந்து அயல்வீட்டை இருட்டாக்கியதால் வந்த சட்டம் இது. இரண்டோ அதற்கு மேலோ பசுமை மாறாத மரங்கள் வரிசையாக 2 மீற்றருக்கு மேல் நின்று, அயலவரின் வெளிச்சத்தையோ வழியையோ மறைத்து, அவருடைய வீட்டையோ வளவையோ நிம்மதியாக அனுபவிக்க விடாமல் செய்தால் அவர் கவுன்சிலிடம் முறையிடலாம். முதலில் உங்களோடு பேசிப் பார்த்ததற்குச் சான்று காட்ட வேண்டும். பல கவுன்சில்கள் சில நூறு பவுண் கட்டணம் எடுக்கும், அதைக் கட்டுவது முறையிடுபவர்தான். கவுன்சில் குறைக்கச் சொல்லலாம், ஆனால் 2 மீற்றருக்குக் கீழே குறைக்கவோ அடியோடு அகற்றவோ சொல்ல முடியாது. உத்தரவை மதிக்காவிட்டால் 1,000 பவுண் வரை தண்டம். இலையுதிர் மரங்களுக்கும் தனி மரத்துக்கும் இந்தச் சட்டம் பொருந்தாது.

மார்ச் முதல் ஓகஸ்ட் வரை பறவைகள் கூடு கட்டும் காலம். கூடு இருக்கும்போது தெரிந்துகொண்டே தறிப்பது குற்றம்.

புது எஸ்டேட்டில் வீடு வாங்கினம். முன்பக்கம் ஒருத்தரும் வேலி போடேல்லை. ஏன்?

போட விட மாட்டார்கள் என்பதால். இதற்கு இரண்டு தனித்தனிப் பூட்டுகள் இருக்கலாம்.

ஒன்று, எஸ்டேட்டுக்குக் கவுன்சில் அனுமதி கொடுக்கும்போதே "முன்பக்கம் வேலி போடும் பொது அனுமதி இங்கே செல்லாது" என்று நிபந்தனை போட்டிருக்கலாம். அப்படியென்றால் அரை மீற்றர் வேலிக்கும் விண்ணப்பிக்க வேண்டும். மற்றது, கட்டிய நிறுவனம் விற்பனைப் பத்திரத்தில் எழுதிய நிபந்தனை. "முன்வளவு திறந்தவெளியாகவே இருக்க வேண்டும்" என்பது போல. இது கவுன்சிலோடு சம்பந்தமில்லாத தனியார் ஒப்பந்தம். கவுன்சில் அனுமதி கொடுத்தாலும் இது உங்களைக் கட்டும், கவுன்சில் மறுத்ததா இல்லையா என்பதை இது கேட்காது. வீடு வாங்கும்போது சொலிசிட்டர் அனுப்பிய கட்டுக் கடதாசியில் இது இருக்கும். ஒருவரும் வாசிப்பதில்லை.

கன்சர்வேஷன் ஏரியா, லிஸ்டட் கட்டடம் என்றால்?

லிஸ்டட் கட்டடம் என்பது பாரம்பரியப் பெறுமதிக்காகப் பட்டியலிட்டுக் காக்கப்படும் கட்டடம். அதன் வளவுக்குள்ளோ அதைச் சுற்றியோ போடும் வேலிக்குப் பொது அனுமதி கிடையாது. உயரம் எதுவானாலும் விண்ணப்பம்தான். பக்கத்து வீடு லிஸ்டட் என்றால் பொது எல்லையில் கை வைக்க முன் கேளுங்கள்.

கன்சர்வேஷன் ஏரியா, அதாவது பழைய தோற்றத்தைக் காக்கக் குறித்து வைத்த பகுதி, அவ்வளவு கடுமை இல்லை. புதிதாகப் போடுவதற்குப் பொது விதியே பொருந்தும், ஆனால் கவுன்சில் நான்காம் பிரிவுக் கட்டளை என்று ஒன்றால் அதை எடுத்துவிட்டிருக்கலாம். உடைப்பதில்தான் கவனம் வேண்டும். தெருவோரம் 1 மீற்றருக்கு மேலோ மற்ற இடத்தில் 2 மீற்றருக்கு மேலோ உள்ள பழைய மதிலை இடிக்க அனுமதி தேவை. கார் நிறுத்த முன்மதிலை இடிக்கிறவர்கள் இதைத் தெரிந்திருப்பதில்லை.

வட லண்டனில் ஹாம்ப்ஸ்டெட் கார்டன் சபர்ப் பக்கம் போய்ப் பாருங்கள். அதை உருவாக்கிய ஹென்றியெட்டா பார்னெட் அம்மையார் நூறு வருடத்துக்கு முன்பே வீடுகளுக்கு இடையில் மதில் வேண்டாம், செடிவேலிதான் என்று தீர்மானித்துவிட்டார். இன்றும் தெரு முழுக்கச் செடிவேலிதான் நிற்கிறது. அங்கே கவுன்சிலைத் தவிர, அந்தக் குடியிருப்பின் தோற்றத்தைக் காக்கும் டிரஸ்டிடமும் கேட்க வேண்டும்.

இடப்பக்க வேலி எங்கட, வலப்பக்க வேலி அவையின்ர என்று சொல்லுகினம். சரியோ?

இல்லை. அப்படி ஒரு சட்டம் இங்கிலாந்தில் கிடையாது. சொல்லிச் சொல்லியே சட்டமாகிவிட்ட கதை. வேலியின் நல்ல முகம் யார் பக்கம் பார்க்கிறது என்பதும் எதையும் நிரூபிக்காது. நல்ல முகத்தை அயலவருக்குக் காட்டிப் போடுவது மரியாதை, கட்டாயம் அல்ல.

பத்திரத்தைப் பாருங்கள். வரைபடத்தில் எல்லைக் கோட்டின்மேல் ஆங்கில டி எழுத்து வடிவக் குறி உங்கள் பக்கம் நின்றால், பத்திரத்தின் வாசகமும் அதைச் சொன்னால், அந்த வேலி உங்கள் பொறுப்பு. இரண்டு டி காலோடு கால் ஒட்டி ஆங்கில எச் போல நின்றால் இருவருக்கும் பொது. பல வீடுகளுக்கு எந்தக் குறியுமே இருக்காது. அப்படியானால் யார் போட்டார், யார் இதுவரை பராமரித்தார் என்ற வரலாறுதான்.

இன்னொன்று, லாண்ட் ரெஜிஸ்ட்ரி (காணிப் பதிவகம்) வரைபடத்தை வைத்து அங்குலக் கணக்குச் சண்டைக்குப் போக வேண்டாம். நகர்ப்புறத்தில் அது வழக்கமாக 1க்கு 1250 அளவில் வரையப்பட்டது. கடதாசியில் ஒரு மில்லிமீற்றர், நிலத்தில் 1.25 மீற்றர். கோட்டின் தடிப்பே ஒரு பூப்பாத்தி. அந்தக் கோடு பொதுவான எல்லையை மட்டுமே காட்டும் என்று 2002ஆம் ஆண்டுக் காணிப் பதிவுச் சட்டமே சொல்கிறது. யாழ்ப்பாணத்தில் கதியால் ஒரு சாண் நகர்ந்ததற்கு இரண்டு தலைமுறை வழக்குப் பேசிய குடும்பங்களை எல்லோருக்கும் தெரியும். இங்கே அதே வழக்கைப் பேசினால் பத்தாயிரக்கணக்கான பவுண் போகும். நிலத்தின் பெறுமதி அதில் பத்தில் ஒன்றும் இருக்காது. எல்லை அளக்கும் அனுபவமுள்ள நில அளவையாளர் ஒருவரை இருவரும் சேர்ந்து அமர்த்தி, அவர் சொல்வதை எழுதிக் கையெழுத்து வைப்பது மலிவு.

எல்லை எது என்று கவுன்சில் சொல்லாது. அவர்களிடம் கேட்பது வீண்.

செங்கல் மதில் கட்டினால் அயலவருக்கு அறிவிக்க வேணுமோ?

எல்லைக் கோட்டின்மேலோ அதை ஒட்டியோ கட்டினால் வேண்டும். 1996ஆம் ஆண்டின் பார்ட்டி வோல் (பொதுச் சுவர்) சட்டப்படி, வேலை தொடங்க ஒரு மாதம் முன்பாவது எழுத்தில் அறிவித்தல் கொடுக்க வேண்டும். கோட்டுக்கு நடுவில் கட்ட அவர் சம்மதிக்காவிட்டால் உங்கள் நிலத்துக்குள்தான் கட்டலாம். மரவேலிக்கு இந்தச் சட்டம் இல்லை.

பக்கத்து வீட்டுக்காரர் எட்டடி அடிச்சிட்டார். என்ன செய்யலாம்?

முதலில் அளவுநாடா. உங்கள் பக்கம் பள்ளமாக இருந்தால் மேலே சொன்ன மட்டக் கணக்கைப் பாருங்கள். உண்மையாகவே கூடினால் முதலில் அவரோடு கதையுங்கள். விதி தெரியாமல் போட்டவர்கள்தான் அதிகம். சரிவராவிட்டால் கவுன்சிலின் பிளானிங் அமலாக்கப் பிரிவுக்கு இணையத்தில் முறைப்பாடு போடலாம், உங்கள் பெயரை வெளியே சொல்ல மாட்டார்கள். ஆனால் பின்வளவு வேலியைப் பற்றி முறையிடக்கூடியவர் நீங்கள் ஒருவர்தான் என்றால் யார் போட்டது என்று அவருக்குத் தெரியாமல் போகாது.

கவுன்சில் நடவடிக்கை எடுத்தே ஆக வேண்டும் என்று இல்லை. தேவை என்று அவர்களுக்குப் பட்டால் மட்டும்தான். அனுமதி கேட்டிருந்தால் கொடுத்திருப்போம் என்று தோன்றினால் விட்டுவிடுவார்கள். தோட்டத்துக்கு வெயில் குறைகிறது, காட்சி மறைகிறது என்பதற்கு இங்கே உரிமை கிடையாது. வெளிச்ச உரிமை என்பது வருடக்கணக்காக வெளிச்சம் வந்த யன்னலுக்குத்தான்.

கவுன்சிலில் இருந்து கடிதம் வந்திட்டுது. வேலியைப் பிடுங்க வேணுமோ?

பதற வேண்டாம், ஆனால் கடிதத்தை மேசை லாச்சியில் போட்டுவிட்டு மறக்கவும் வேண்டாம்.

முதல் கடிதம் விசாரணை. பதில் எழுதுங்கள். தெரிவு மூன்று: உயரத்தைக் குறைப்பது, நடந்ததற்குப் பின்னால் அனுமதி கேட்பது, அல்லது காலம் கடந்துவிட்டது என்று காட்டுவது. காலக்கணக்கு அண்மையில் மாறியிருக்கிறது. முன்பு நான்கு வருடம் யாரும் கேட்காவிட்டால் வேலி தப்பிவிடும். 2024 ஏப்ரல் 25இலோ அதற்குப் பிறகோ முடித்த வேலைகளுக்கு அது பத்து வருடம். அந்தத் தேதிக்கு முன்னமே முடித்ததற்குப் பழைய நான்கு வருடக் கணக்கே செல்லும். எப்போது போட்டீர்கள் என்பதற்கு ரசீது, திகதியுள்ள படம் எடுத்து வையுங்கள்.

முறையான அமலாக்க அறிவித்தல் வந்தால் அதில் நடைமுறைக்கு வரும் திகதி இருக்கும், குறைந்தது 28 நாள் தள்ளி. மேன்முறையீடு செய்வதென்றால் அந்தத் திகதிக்கு முன்பே போய்ச் சேர வேண்டும். ஒரு நாள் பிந்தினாலும் கதவு மூடிவிடும். அறிவித்தலை மதிக்காமல் விடுவது குற்றவியல் குற்றம், தண்டத்துக்கு மேல் எல்லை இல்லை.

பெரும்பாலான சாதாரண வழக்குகள் பனலின் மேற்பகுதியை அறுத்து 2 மீற்றருக்கோ 1 மீற்றருக்கோ கொண்டுவருவதோடு முடிந்துவிடும்.

அனுமதிக்குப் போட்டால் தருவார்களா?

பின்வளவில் அரை அடி கூட்டுவதற்கு நியாயமான காரணம் இருந்தால், பக்கத்து யன்னலை மறைக்காவிட்டால், கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு. தெருவோரம்தான் கடினம். தெருவின் திறந்த தோற்றம் கெடுகிறது என்பது ஒரு காரணம். பார்வை மறைவது மற்றது, கார் வெளியே வரும் இடத்தின் இரண்டு பக்கமும் 0.6 மீற்றருக்கு மேல் மறைப்பு இருக்கக் கூடாது என்று பல கவுன்சில்கள் கேட்கும். நடைபாதையில் சைக்கிளில் வரும் பிள்ளை சாரதிக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக. முழு மறைப்புப் பனலுக்குப் பதில் 1 மீற்றர் மதிலும் உள்ளே செடியும் காட்டினால் அதிகாரியின் முகம் மாறும். அநேகமான தெருவோர விண்ணப்பங்களுக்கு நான் சொல்லும் யோசனையும் அதுதான்.

முடிவுக்கு எட்டுக் கிழமை. வீட்டு விண்ணப்பத்தை மறுத்தால் மேன்முறையீட்டுக்கு 12 கிழமை.

கள்ளர் பயம். மேலே முள்ளுக்கம்பி, கண்ணாடித் துண்டு பதிக்கலாமோ?

நம்மவர் வீட்டில் நகை இருக்கும் என்பது கள்ளருக்கும் தெரிந்த விஷயம், பயம் நியாயமானது. ஆனால் தெருவோரம் போகிறவர்களைக் கிழிக்கும் முள்ளுக்கம்பியை அகற்றச் சொல்ல நெடுஞ்சாலைச் சட்டத்தில் அதிகாரம் உண்டு. ஊரில் மதிலுக்கு மேல் போத்தல் ஓடு பதிப்பது போல இங்கே பதித்து ஒருவர் காயப்பட்டால், அத்துமீறி வந்தவரே ஆனாலும் நீங்கள் பதில் சொல்ல வேண்டி வரலாம்.

பொலிஸோடு சேர்ந்து இயங்கும் செக்யூர்ட் பை டிசைன் திட்டம் சொல்வது இதற்கு நேர்மாறு: முன்பக்கம் தாழ்வாக, பின்பக்கமும் பக்கவாட்டும் 1.8 மீற்றர். முன்பக்கம் உயர்த்தினால் கள்ளனுக்குத்தான் மறைப்பு. பின்வேலியில் பலமில்லாத ட்ரெலிஸ் நல்லது, ஏறினால் சத்தத்தோடு முறியும். வேலியடியில் முள்ளுச்செடி நடலாம். ட்ரெலிஸின் உயரம் 2 மீற்றர் கணக்கில் சேரும் என்பதை மறக்க வேண்டாம்.

டெக்கிங் போட்டபிறகு வேலி பதிஞ்சுபோச்சு. உயர்த்தலாமோ?

டெக்கிங் என்கிற மரத்தளத்திலிருந்து அளக்க முடியாது, நிலத்திலிருந்துதான். டெக்கிங் தானே 30 செ.மீ.க்கு மேல் உயர்ந்தால் அதற்கும் அனுமதி வேண்டும்.

பிளட்டில் இருக்கிறம், பின்னுக்குச் சின்னத் தோட்டம். எங்களுக்கும் இதேதானோ?

உயர விதி பிளட்டுக்கும் பொருந்தும். ஆனால் லீஸ் பத்திரத்தில் நிலச் சொந்தக்காரரின் சம்மதம் கேட்டிருக்கும், அதை முதலில் எடுங்கள். வாடகைக்கு இருப்பவர்கள் வீட்டுக்காரரைக் கேட்காமல் ஒரு ஆணிகூட அடிக்க வேண்டாம்.

ஸ்கொட்லாந்தில், வேல்ஸில்?

வேல்ஸில் கிட்டத்தட்ட இதே 1 மீற்றர், 2 மீற்றர். ஸ்கொட்லாந்தில் 2 மீற்றர் பொது அளவு. தெருவை நோக்கி நின்றாலோ, தெருவுக்குக் கிட்ட உள்ள வீட்டுச் சுவரின் கோட்டைத் தாண்டித் தெருப் பக்கம் வந்தாலோ 1 மீற்றர். செடிவேலிக்கு அவர்களுக்கு 2013ஆம் ஆண்டுச் சட்டம் தனியாக இருக்கிறது.

வேலி அடிக்கிற ஆளுக்கு இதெல்லாம் தெரியாதோ? அவர் பார்த்துச் செய்ய மாட்டாரோ?

சிலருக்குத் தெரியும், பலர் கேட்டதை அடித்துவிட்டுப் போவார்கள். கவுன்சில் கடிதம் வருவது வீட்டுக்காரருக்குத்தான், வேலிக்காரருக்கு அல்ல. விலைமதிப்பு வாங்கும்போது "ஆறு அடி வேலி" என்று மட்டும் எழுதித் தந்தால் ஏற்க வேண்டாம். பனல் எத்தனை, கிரவல் போர்ட் எத்தனை செ.மீ., கம்பம் நிலத்துக்கு மேல் எத்தனை, மொத்தம் எத்தனை என்று மீற்றரில் எழுதித் தரச் சொல்லுங்கள். பழைய பனலை அள்ளிக்கொண்டு போவதும் அந்த விலைக்குள் அடங்குமா என்று அதே கடதாசியில் எழுத வையுங்கள்.